மிஞ்சிய ஒற்று

லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாடியையும் படியில் ஏறி வந்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நின்று அது வரும்வரை காத்திருக்க முடியவில்லை என்று பிறகு சொன்னான். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

கதவைத் திறந்தவர் ஜெராக்ஸ். தரைத்தளத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருந்ததால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு ஏறி வருவார். வாசலில் யாராவது வெளிறிய முகத்தோடு வந்து நின்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

அவருடைய அக்கா முப்பது வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்வது அவர் வேலை. அங்கே அவருக்கு 'அகராதி' என்று பெயர். பாதிப் பேர் பாராட்டாக வைத்தார்கள், மீதிப் பேர் திமிர் பிடித்தவர் என்ற பொருளில் வைத்தார்கள். இரண்டுமே பொருந்தும் என்பது தம்பியின் அபிப்பிராயம்.

மெக்கானிக் உட்காராமலே சொல்ல ஆரம்பித்தான். அவன் மனைவி ஒரு சின்ன மருத்துவமனையில் செவிலி. அங்கே அறுவை செய்யும் டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் போனில் ஆங்கிலத்தில் உத்தரவு சொல்வார். அதைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து வார்டுப் பலகையில் குத்தி வைப்பவள் டைப்பிஸ்ட். அந்த டைப்பிஸ்ட் அவனுடைய தங்கைதான். புருஷனை இழந்து, குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணி.

போன திங்கட்கிழமை மாலை டாக்டர் ஆறாம் கட்டில் நோயாளியைப் பற்றிப் போனில் ஓர் உத்தரவு சொன்னார். சனிக்கிழமை அறுவை. நோயாளி தினமும் காலையில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர். செவிலி செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாளும் அதைக் கொடுத்தாள். சனிக்கிழமை மதியம் அறுவை மேசையில் ரத்தம் நிற்கவில்லை. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரோடு இருக்கிறார். இன்று புதன்கிழமை, இன்னும் கண் திறக்கவில்லை.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லித் தாள்ல இருந்துச்சாம். இவ மதிக்காம குடுத்துட்டாளாம். இன்னிக்கு அஞ்சு மணிக்குத் நாட்டுத் தலைநகர்ல இருக்கற நர்ஸிங் கவுன்சிலுக்கு அறிக்கை போகுது. போச்சுன்னா அவ பதிவு ரத்து. அப்புறம் எங்கயும் ஊசி போட முடியாது."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"நிறுத்துன்னு இல்லவே இல்லங்கறா. சரி, பின்ன என்னதான் இருந்துச்சுன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறா."

பொய் சொல்கிறவர்கள்தான் அப்படி நடந்துகொள்வார்கள் என்று ஜெராக்ஸ் அக்காவின் காதருகே சொன்னார். மெல்லச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அகராதி தாளை விரித்தார். நிர்வாகி கொடுத்த நகல் அது. ஆறு வரிகள். மூன்றாவது வரி: 'கட்டில் 6: காலை மாத்திரையைத் நிறுத்திவைக்கவும்.' அந்த வரியில் அவர் பார்வை வெகுநேரம் நின்றது. பிறகு கேட்டது ஒரே கேள்வி. "உங்க தங்கச்சி தமிழ்ல தப்பில்லாம எழுதுவாங்களா?"

மெக்கானிக்குக் கேள்வி புரியவில்லை. ஆனாலும் பதில் சொன்னான். அவள் தமிழ் படித்தவள், பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக்கூடப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் கத்தரிப்பாள்.

அகராதி செருப்பை மாட்டினார். ஜெராக்ஸ் சோற்றில் கை வைக்காமலே எழுந்தார்.

மருத்துவமனை இரண்டே மாடி. வாசலில் காத்திருந்த மெக்கானிக்கின் மனைவியும் சேர்ந்துகொண்டாள். வாசலிலிருந்து வார்டு வரை சுவரெல்லாம் கையால் எழுதிய அறிவிப்புகள். 'செருப்பு போட கூடாது.' 'கையை கழுவி செல்லவும்.' 'நோயாளியை பார்க்க ஒருவர் மட்டும்.' எல்லாவற்றுக்கும் கீழே நிர்வாகியின் கையெழுத்து. அகராதி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படித்தார். தம்பிக்குப் பொறுமை போயிற்று. கொலை விசாரணைக்கு வந்த மாதிரி வந்துவிட்டுச் செருப்பு அறிவிப்பைப் படிக்கிறாளே என்று மெக்கானிக்கிடம் முறையிட்டார்.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஆறாவது காலியாக இருந்தது. தலையணை உறையை மாற்றியிருந்தார்கள். பக்கத்து மேசையில் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இன்னும் கிடந்தது. அதை யாரும் எடுத்துப் போகவில்லை.

பலகையில் ஏழெட்டுத் தாள்கள் தொங்கின. பணியிலிருந்த இன்னொரு செவிலி விளக்கினாள். காலையில் வருகிறவள் தாளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவாள். முடிந்ததும் மறுபடி குத்தி வைப்பாள். ஜெராக்ஸ் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேல்விளிம்பு சல்லடையாக இருந்தது.

நிர்வாகியைப் பார்க்கப் போனார்கள். மெல்லிய குரல், சுத்தமான மேசை. எல்லாவற்றையும் 'நம்ம' என்றே சொன்னார். நம்ம டாக்டர், நம்ம நர்ஸ், நம்ம துரதிர்ஷ்டம். அசல் தாளைக் கேட்டதும் தயங்காமல் கோப்பைத் திறந்து காட்டினார். அகராதி விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரே ஒரு துளை.

தட்டச்சு அறை நிர்வாகியின் அறைக்கு அடுத்தது. பூட்டும் சாவியும் நிர்வாகியிடம்தான். மற்ற நாட்களில் டைப்பிஸ்ட் ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். சனிக்கிழமை ஒரு மணிக்கே போய்விடுவாள். அறுவை நடந்தது மூன்று மணிக்கு. நோயாளி வீட்டாருக்குத் தாளைக் காட்டியது ஆறு மணிக்கு. இவ்வளவையும் ஜெராக்ஸ் வாசற்காவலரிடம் கறந்துகொண்டு வந்தார். கூடவே டைப்பிஸ்ட்தான் குற்றவாளி என்ற முடிவும் கொண்டு வந்தார்.

"தப்பா அடிச்சது அவ. மாட்டிக்குவோம்னு பயந்து மாத்துனதும் அவதான். கணக்கு நேரா இருக்குக்கா."

"பாதி நேரா இருக்கு."

டைப்பிஸ்ட் அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவன் பின்னால் நின்ற அண்ணியை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள். ஐந்து நாளாக உப்பு, பால், குழந்தையின் பள்ளிப் பை தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்று மெக்கானிக் படியில் சொல்லியிருந்தான்.

டாக்டர் போனில் சொன்னது என்ன என்று அகராதி கேட்டார். நான்கே சொற்கள் என்றாள் டைப்பிஸ்ட். கட்டில் எண், மாத்திரையின் பெயர், 'ஹோல்ட்', 'ஓகே'. திருப்பிக் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. டாக்டர் அப்படித்தான்.

"நீங்க என்ன அடிச்சீங்க?"

"தாள்ல இருக்கறதுதான்."

"தாள்ல என்ன இருக்கு?"

டைப்பிஸ்ட் விசைப்பலகையைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் கையடக்கமான ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதிப் புத்தகம் இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது. அகராதி அதை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டிப் படித்தார். இதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அதோடு அழுதுவிடுவாள் போல இருந்தது.

நான்கு மணிக்கு எல்லோரும் நிர்வாகியின் அறையில் உட்கார்ந்தார்கள். நாற்காலி ஐந்துதான். ஜெராக்ஸ் சுவரில் சாய்ந்து நின்றார். கவுன்சிலுக்குப் போகவேண்டிய ஆங்கில அறிக்கை மேசையில் தயாராக இருந்தது, உறை ஒட்டப்படாமல்.

"முதல்ல இந்தத் தாள்," என்றார் அகராதி. "திங்கட்கிழமை சாயங்காலம் பலகையில குத்தினது. அதுக்கப்புறம் நாலு நாள் காலையில கழட்டி மறுபடி குத்தியிருக்காங்க. அஞ்சு துளையாவது இருக்கணும். இருக்கறது ஒண்ணு. அதனால பலகையில தொங்கின தாள் இது இல்ல. பின்னால அச்செடுத்தது."

நிர்வாகி தாளின் மேல்விளிம்பைப் பார்த்தார்.

"ரெண்டாவது, மூணாவது வரி. 'மாத்திரையைத் நிறுத்திவைக்கவும்.' வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. நாக்கு தடுக்கும். 'மாத்திரையை'க்கு அப்புறம் வர்ற சொல் தகரத்துல ஆரம்பிச்சா நடுவுல ஒரு த் மிகும். பகரம்னா ப். நகரம் வந்தா ஒண்ணும் மிகாது. இங்க பக்கத்துல இருக்கறது 'நிறுத்தி'. அப்போ இந்த த் யாருக்காக வந்து நிக்குது?"

மெக்கானிக் தாளை எட்டிப் பார்த்தான். அவனுக்கு அது ஒரு புள்ளி வைத்த எழுத்து, அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர்ல ஒரு சொல்லு மேல ரெண்டு தட்டு தட்டினா அந்தச் சொல் மட்டும் நீலமாகும்," என்றார் ஜெராக்ஸ், தன் பங்கு வந்துவிட்ட சந்தோஷத்தில். "புதுசா அடிச்சா அது மட்டும்தான் போகும். முன்னாடி சொல்லோட வால் அப்படியே நிக்கும். என் கடையில தினம் பாக்கறேன்."

"தகரத்துல ஆரம்பிச்ச ஒரு சொல்ல எடுத்துட்டு 'நிறுத்திவைக்கவும்'னு போட்டிருக்காங்க," என்று அகராதி தொடர்ந்தார். "எந்தச் சொல்? டைப்பிஸ்ட் பாத்த அகராதி இது. ஹோல்டுக்கு ஏழு பொருள் போட்டிருக்கு. பிடி, கொள், தாங்கு, நடத்து, தடு, தக்கவை, கருது. டாக்டருங்க மருந்தப் பத்திச் சொல்றப்போ அதுக்கு அர்த்தம் வேற. இப்போதைக்குக் குடுக்காதேன்னு அர்த்தம். அது இந்தப் புத்தகத்துல இல்ல. 'நிறுத்திவை'ங்கற சொல்லே இதுல இல்ல."

நிர்வாகி மேசையில் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

"தகரத்துல மூணு இருக்கு. மாத்திரையத் தாங்கச் சொல்லி யாரும் எழுத மாட்டாங்க. தடுத்துவைன்னு இருந்திருந்தா அதுவே நிறுத்தத்தான் சொல்லுது, மாத்தவேண்டிய அவசியமே இல்ல. பாக்கி ஒண்ணு. 'மாத்திரையைத் தக்கவைக்கவும்.' படிக்கற நர்ஸுக்கு என்ன புரியும்? விட்டுடாதே, தொடர்ந்து குடுன்னு புரியும். அவங்க உத்தரவ மீறல. உத்தரவுப்படிதான் குடுத்தாங்க."

செவிலி மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.  அவள் ஏன் ஐந்து நாளாக வாயைத் திறக்கவில்லை என்பது மெக்கானிக்குக் கடைசியாக அப்போதுதான் உறைத்தது. அவன் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

"மாத்துனது யாரு?" என்றார் ஜெராக்ஸ்.

"டைப்பிஸ்ட் இல்ல. பால் பாக்கெட்டுல இருக்கற ஒற்றையே திருத்தறவங்க கை, தன்னோட வரியில இதை விட்டுட்டுப் போகாது. இந்த த் தப்புன்னு கண்ணுல படாத ஒருத்தர் மாத்தியிருக்கார். சனிக்கிழமை மூணு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவுல. அப்போ அந்த அறைச் சாவி வெச்சிருந்தவர். வாசல்லேர்ந்து வார்டு வரைக்கும் அவர் எழுதினத நான் படிச்சேன். 'போட கூடாது.' 'கழுவி செல்லவும்.' வரவேண்டிய எடத்துல ஓர் ஒற்றுகூட இல்ல. இருக்கவேண்டியது தெரியாதவருக்கு, இருக்கக் கூடாததும் தெரியாது."

எல்லோரும் நிர்வாகியைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு இந்த இடத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்றார். டாக்டர் ஒருவர்தான். உத்தரவு தெளிவாக இல்லை என்று அவர் பெயரில் எழுதினால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் வரமாட்டார், வார்டை மூடவேண்டியதுதான். மாற்றினேன் என்றும் சொல்லவில்லை, மாற்றவில்லை என்றும் சொல்லவில்லை.

"உங்ககிட்ட என்ன இருக்கு மேடம்?" என்றார் அதே மெல்லிய குரலில். "பழைய தாள் இல்ல. கம்ப்யூட்டர்ல பழைய ஃபைல் இல்ல. துளை நான் இப்பவே நாலு போட்டுடலாம். பாக்கி இருக்கறது ஒரு த். கவுன்சில்ல எல்லாம் இங்கிலீஷ்லதான். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. முப்பது வருஷம் மொழிபெயர்த்திருக்கீங்க. இந்த த்-ஐ இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. நானே சேத்து அனுப்பறேன்."

அகராதி தாளைக் கையில் எடுத்தார். மூன்றாவது வரியை அவர் மனம் ஏற்கனவே ஆங்கிலமாக்கிப் பார்த்திருந்தது. அதில் அந்த ஒற்று நிற்க இடமே இல்லை. தமிழ்ச் சொற்களைத் தாண்டியதுமே அது கரைந்துவிடும். கீழே ஒரு குறிப்பு எழுதலாம், ஒற்று என்றால் என்ன, எங்கே மிகும், எங்கே மிகாது என்று. முப்பது வருஷத்தில் அவர் எழுதிய குறிப்புகளைப் பற்றி எந்த நீதிபதியும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அப்போ அடிச்சவங்க சொல்லணும்," என்றார் ஜெராக்ஸ். அறையில் அது சத்தமாகக் கேட்டது.

செவிலி முதல் தடவையாகப் பேசினாள். "அவளக் கேக்காதீங்க. எனக்கே செவ்வாக்கிழமை படிச்சப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி இத ஏன் தொடரச் சொல்றாங்கன்னு. போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதான்னு டாக்டர் கேப்பாரேன்னு கேக்கல. மாத்திரை குடுத்தது என் கைதான். அவளுக்குக் குழந்தை இருக்கு."

"அண்ணி."

டைப்பிஸ்ட் எழுந்து நின்றாள்.  இந்தத் திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோதே வரி மாறியிருப்பதைப் பார்த்தேன் என்றாள். யார் மாற்றியது என்று அப்போதே தெரியும். தன்னைக் காப்பாற்றத்தான் மாற்றினார்களோ என்று முதலில் நினைத்தாள். அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியபோதுதான் புரிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். "தக்கவைக்கவும்னு நான்தான் அடிச்சேன். பிடித்துவைங்கறது நல்லாயில்லேன்னு தோணுச்சு. நல்ல தமிழா இருக்கட்டும்னு அதப் போட்டேன்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். மனைவியைக் காப்பாற்றச் சொல்லித்தான் மூன்று மாடி ஏறினான்.

நிர்வாகி இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடு என்றார். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரே வீட்டுக்காரர் சாட்சி எவ்வளவு எடுபடுமோ தெரியாது, ஆனால் அனுப்புவார்.

அவள் உட்கார்ந்து பேனாவை வாங்கினாள். 'நான் தட்டச்சு செய்தது' என்பதற்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதினாள். அங்கே பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் அவளுக்கு ஒரு சொல்தான் தெரியும். டாக்டர் சொன்ன சொல். அதை எழுதினால் டாக்டர் சொன்னதையே சரியாக அடித்தேன் என்று ஆகும். அண்ணிதான் மீறினாள் என்று ஆகும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், தக்கவைக்கு இங்கிலீஷ்ல என்ன?"

அகராதிக்கு உடனே மூன்று சொற்கள் வந்தன. கீப். ரீடெய்ன். மூன்றாவது, ஹோல்ட். முதல் இரண்டையும் எந்த அகராதியில் பார்த்தாலும் பக்கத்தில் மூன்றாவது நிற்கும். டாக்டர் ஹோல்ட் சொன்னார், டைப்பிஸ்ட் அதே பொருளில் ஒரு சொல் அடித்தாள், நர்ஸ் மீறினாள் என்றே கவுன்சிலில் படிப்பார்கள். செவிலியைக் காப்பாற்றக்கூடிய ஆங்கிலச் சொல் ஒன்றும் இருந்தது. கன்டின்யூ. தொடர்ந்து கொடு. படித்தவள் மனதில் விழுந்தது அதுதான். ஆனால் தாளில் இருந்தது அது இல்லை.

ஜெராக்ஸ் குனிந்தார். அவருக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும். "கன்டின்யூன்னு சொல்லிடுங்கக்கா. ஒரே ஒரு சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

அகராதி மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நிர்வாகி காத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் இவரும் இப்படித்தான் நினைத்திருப்பார். ஒரே ஒரு சொல். அகராதிக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தமிழ்லயே எழுதும்மா," என்றார்.

"அங்க யாரும் படிக்க மாட்டாங்க," என்றார் நிர்வாகி.

"தெரியும்."

டைப்பிஸ்ட் முன்பு எழுதியதை அடித்துவிட்டுக் கீழே தமிழில் எழுதினாள். மெதுவாக எழுதினாள். சுவர்க்கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டு நிர்வாகியிடம் கொடுக்கப் போனவள், கையை மாற்றி அண்ணியிடம் நீட்டினாள்.

செவிலி தாளை வாங்கிப் படித்தாள். 'கட்டில் 6: காலை மாத்திரையைத் தக்கவைக்கவும் என்றே நான் தட்டச்சு செய்தேன்.' அவள் உதடுகள் அசைந்தன. ஐந்து நாளாக எல்லோரும் அவளிடம் வேறொரு வரியைக் காட்டிக் காட்டி, கடைசியில் தான் என்ன படித்தோம் என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"இதேதான்," என்றாள் நாத்தனாரிடம். "நாலு நாளும் நான் இதத்தான் படிச்சேன்."

நிர்வாகி கையை நீட்டினார். அவள் இன்னொரு தடவை படித்துவிட்டுக் கொடுத்தாள்.